டெர்மினலில் வைத்த சந்தனம்

அப்பு,

வருகிற வியாழக்கிழமை காலையில் நம் தேவிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாரும் இல்லை, உன்னோடு வேலை பார்த்த சேக்காளி ஏழுமலைதான். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்து மார்க் சீட்டைக்கூடக் கடைசி வரியைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவாய் நீ. உனக்குப் பொறுமை கிடையாது. இந்தத் தடவை முதல் வரியிலேயே விஷயத்தை வைத்துவிட்டேன், இனி நீ நிதானமாகப் படிக்கலாம். நானும் நிதானமாகத்தான் எழுதப் போகிறேன். அஞ்சாவதோடு நின்ற கை இது. தேவி எழுதித் தருகிறேன் என்றாள். உன் பெண்டாட்டியாக இருந்தவளிடமே இதைச் சொல்லி எழுதச் சொல்வது சரியாகப் படவில்லை, வேண்டாம் என்றுவிட்டேன். இன்று ஞாயிறு. ரவிக்கை வாங்கிவர அவள் நெல்லித்தோப்பில் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். நான் மீன் விற்ற காலத்துப் பழைய ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எவ்வளவு கழுவினாலும் அதில் வஞ்சிர வாசம் போகவில்லை. உனக்குப் பிடித்த வாசம்தானே, இருக்கட்டும்.

கல்யாணம் நடப்பதில் எனக்குக் கலக்கம் இல்லை. என் கலக்கம் வேறு. தேவிக்கு அம்மா இல்லை என்று உனக்குத் தெரியும். பெண்ணுக்கு அம்மாவாக நான்தான் நிற்க வேண்டும், தாலி வைத்த தட்டை நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் தாலி அறுத்தவள் அப்பு. உன் அப்பாவைக் கடல் எடுத்துக்கொண்ட அன்றிலிருந்து எந்த வீட்டு மங்களத் தட்டையும் தொட்டதில்லை. உன் கல்யாணத்தில்கூட அடுப்படிப் பக்கம்தான் நின்றேன், உன் சித்திதான் தட்டை எடுத்தாள். நீ திரும்பித் திரும்பி என்னைத் தேடினாய், நான் பார்க்காத மாதிரி பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தத் தட்டை என் கையில் கொடுக்கிறோம் என்கிறார்கள். வாங்குவதா வேண்டாமா என்று நான் யாரைக் கேட்பது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். ஆனால் இதைச் சொல்ல வேண்டுமென்றால் நீ வேலை பார்த்த யூனிட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல வேண்டுமென்றால் அங்கே செய்கிற கரண்ட் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த பெட்டிதான். ஆனாலும் உன் அம்மா வாயால் கேட்டதில்லை இல்லையா?

அந்த மழைக்காலத்தில் காய்ச்சலோடு உன்னைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நீ இல்லாமல் திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு என்னால் பெரிய மார்க்கெட்டில் உட்கார முடியவில்லை. மீன் வாங்க வருகிறவர்கள் எல்லாம் உன்னைப் பற்றிக் கேட்டார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது, சொல்லி முடிப்பதற்குள் ஐஸ் கரைந்துவிடும். அப்போதுதான் உங்கள் முதலாளி வீட்டுக்கு வந்து, தேவியை ஒயரிங் வேலைக்கு வரச் சொன்னார். தனியாகப் போக மாட்டேன் என்றாள் அவள். துணைக்குப் போனேன். முதலில் வாசலில் உட்கார்ந்தேன். சும்மா உட்காரக் கை வராது என்று பெருக்கினேன். அப்புறம் அட்டைப் பெட்டியில் பேக்கிங். டெஸ்டிங் மேசைப் பக்கம் மட்டும் போக மாட்டேன். அங்கே உன் நாற்காலி இருந்தது. ஒரு நாள் ஏழுமலைதான் கூப்பிட்டான். "ம்மா, சும்மா தூரத்துலயே நின்னு பாக்குறீங்களே, இந்த ஒயர கொஞ்சம் புடிங்க" என்றான். ஒயரைப் பிடிக்கப் போனவள்தான், இப்போது அந்த நாற்காலியில் உட்காருகிறேன். மார்க்கெட்டுக்கு அந்தப் பக்கம் போனால் நண்டு விற்கிற அக்கா விடுவதில்லை. "இன்னாடி, தராச வுட்டுட்டு இப்ப கரண்ட எட போடுறியாமே, கிலோ இன்னா வெல?" என்று கத்துவாள். "உனக்குன்னா சும்மாவே தரேன், கைய நீட்டு" என்று நானும் கத்துவேன். சிரிப்பு திரும்பி வந்தது அங்கேதான்.

முதல் நாள் கூத்தைச் சொல்ல வேண்டும். காலேஜ் லேபுக்குப் போகிற பவர் சப்ளை. ஒரே பெட்டியில் மூன்று வாய். இடது பக்கமும் வலது பக்கமும் சுழியிலிருந்து முப்பது வோல்ட் வரை நம் இஷ்டத்துக்குத் திருகிக்கொள்ளலாம். மூன்றாவது மட்டும் அசையாத அஞ்சு வோல்ட். ஒவ்வொன்றுக்கும் ஒயர் மாட்ட ஒரு சிவப்பு டெர்மினல், ஒரு கறுப்பு டெர்மினல். எல்லாத் திருகையும் இடது கோடிக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மெயின் சுவிட்சைப் போட வேண்டும் என்று ஏழுமலை சொன்னான். சரி என்றேன். பன்னிரண்டு வோல்ட் வைத்தான். சரி. அப்புறம் ஒரு துண்டு ஒயரை எடுத்துச் சிவப்பையும் கறுப்பையும் நேராக இணைக்கப் போனான் பார், நான் ஐயோ என்று அவன் கையில் ஓங்கி ஒரு அடி போட்டேன். நம் வீட்டில் ஃபேன் ஒயர் இரண்டும் உரசி நீ விரலைச் சுட்டுக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒயரிங் மேசையில் தேவி உட்பட எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஏழுமலை கையைத் தடவிக்கொண்டே, "ஷாக் அடிக்கும்னு நெனச்சேன், நீங்களே அடிச்சிட்டீங்களேம்மா" என்றான்.

அப்புறம் பொறுமையாகக் காட்டினான். வோல்ட்டுக்கு ஒரு திருகு இருப்பதுபோல ஆம்ப்புக்கும் ஒரு திருகு இருக்கிறது. எவ்வளவு கரண்ட்டுக்கு மேல் விடக் கூடாது என்று முதலிலேயே அதில் வரம்பு கட்டிவிட வேண்டும். அந்த வரம்பைச் சரியாக வைப்பதற்குத்தான் இரண்டையும் ஒயரால் இணைப்பது. இணைத்ததும் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு வந்தது, வோல்ட் அப்படியே சுழிக்கு இறங்கியது, ஆம்ப் மட்டும் அவன் வரம்பு கட்டிய ஒன்றில் நின்றது. புகை இல்லை, பொறி இல்லை. ஒயரை எடுத்ததும் பன்னிரண்டு திரும்பி வந்தது. எனக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். அப்புறம் நானே செய்தேன். காலேஜிலிருந்து சில சமயம் பெட்டி திரும்பி வரும், சிவப்பு விளக்கு எரிகிறது, ரிப்பேர் என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். வரம்பைச் சுழியிலேயே விட்டுவிட்டு வோல்ட்டை மட்டும் திருகியிருப்பார்கள், அவ்வளவுதான். சிவப்பு எரிந்தால் பெட்டி கெட்டுப்போனது என்று அர்த்தம் இல்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அர்த்தம். உனக்கு இதெல்லாம் அத்துப்படி. நீ இதைத் தினமும் செய்துவிட்டு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே. "இன்னாடா வேல?" என்றால் "செக்கிங்" என்பாய். சோறு போடச் சொல்வாய்.

லோடு டெஸ்டை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஒன்றும் மாட்டாமல் வைத்தால் எந்தப் பெட்டியும் பன்னிரண்டு காட்டும். ஐஸ் மேல் கிடக்கும்போது எல்லா மீனும் பளபளப்பதுபோல. செவுளைத் தூக்கி, வயிற்றை அமுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதுபோலப் ரியோஸ்டாட் என்கிற பெரிய கம்பிச்சுருளை மாட்டி முழுக் கரண்ட்டை இழுக்கச் சொல்லிவிட்டு, அந்த முனையில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் பன்னிரண்டு நின்றால் நல்ல பெட்டி. மூன்று வாயையும் ஒரே நேரத்தில் இழுக்க வைத்து, ஒன்றை இழுத்தால் மற்றது ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். "அப்பு எப்பவும் மொதல்ல அஞ்சு வோல்ட்டதாம்மா பாப்பான்" என்று ஏழுமலை சொன்னான். திருகு இல்லாததால் எல்லாரும் அதை மறந்துவிடுவார்களாம். அதிலே வோல்ட் ஏறிப்போனால் பிள்ளைகள் மாட்டி வைத்திருக்கிற சின்னச் சின்ன ஐசி எல்லாம் செத்துவிடுமாம். அன்றிலிருந்து நானும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். ஒரே பெட்டிதானே, கறுப்பு ஒன்று போதாதா, ஏன் தனித்தனி என்று கேட்டேன். உள்ளே ஒன்றுக்கொன்று ஒட்டு இல்லை, நாமாக ஒயர் போட்டு இணைத்தால்தான் சேரும், இரண்டையும் வரிசையாக இணைத்தால் அறுபது வரை போகலாம் என்றான். சரி, ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்று எடுத்துக்கொண்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறான்.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். ஒரு பாலிடெக்னிக்குக்குப் போக வேண்டிய பெட்டிகள் டெஸ்ட் முடிந்து, பாஸ் ஆகி, நீள மேசை முழுக்க வரிசையாக நின்றன. மாலை போட்டாச்சு, பொரி வாங்கியாச்சு, பூசணிக்காய் வாசலில் தயாராக இருந்தது. சந்தனம் குங்குமத் தட்டு ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. நானும் தேவியும் வழக்கம்போலப் பின்னால் சுவரோரமாக ஒதுங்கிவிட்டோம். யாரும் போகச் சொல்லவில்லை. எங்களுக்கே கால் தானாகப் பின்னால் போய்விடும். ஏழுமலை தட்டோடு நேராக எங்களிடம் வந்தான். "டெஸ்ட் பண்ணது நீங்க, ஒயர் போட்டது தேவி. உங்க பொட்டிக்கு வேற யாரு பொட்டு வைக்கிறது?" என்றான். நான், "தம்பி, நாங்க வைக்கக் கூடாதுப்பா" என்றேன். "எந்தப் பொட்டி சொல்லுச்சு?" என்று தட்டை என் கையில் வைத்துவிட்டுப் பொரி கட்டப் போய்விட்டான். தேவி என் முகத்தைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். எத்தனை வருஷமாகியிருக்கும் அப்பு, குங்குமம் விரலில் அப்படி ஒட்டி? குழைத்த சந்தனம் அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது.

வைத்தோம். எப்படி வைத்தோம் தெரியுமா? நெற்றி மாதிரி முகப்பின் நடுவில் ஒன்று, அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு நிற்கவில்லை. திருகுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. டெர்மினல் மேல் வைக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பேக்கிங் செய்கிறவள் இல்லையா நான், மேலே வைத்தால் எல்லாம் அட்டையில் ஒட்டிப் போய்விடும், பிள்ளைகள் கைக்குப் போகும்போது ஒன்றும் மிஞ்சாது என்று தெரியும். அதனால் ஒவ்வொரு டெர்மினலின் திருகுத் தலையையும் தளர்த்தி, உள்ளே ஒயர் உட்காருகிற இடத்தில் சந்தனத்தை நன்றாகத் தடவிவிட்டுத் திரும்ப முடுக்கினேன். தேவி எதிர் வரிசையில் என்னைப் பார்த்து அதே மாதிரி செய்தாள். தட்டைத் திருப்பி வைத்தபோது அது சுத்தமாகக் காலி. பொரி கொடுத்துக்கொண்டிருந்த ஏழுமலை, "இன்னாம்மா, ஒட்டுமொத்தமா ஊட்டி வுட்டுட்டீங்க போலருக்கே" என்றான். அவனுக்கும் அப்போது தெரியாது, நிஜமாகவே ஊட்டியிருக்கிறோம் என்று.

விடுமுறை முடிந்து வந்த அன்று பேக்கிங்குக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை லோடு போட்டுப் பார்த்தேன். சாயங்காலம் டெம்போ வரப் போகிறது. முதல் பெட்டி, அஞ்சு வோல்ட், முகத்தில் அஞ்சு காட்டுகிறது, லோடு முனையில் நாலரைக்குப் பக்கம் நிற்கிறது. பன்னிரண்டு வைத்தால் பதினொன்றுக்கு இறங்குகிறது. ஒயரைத் தொட்டால் மீட்டரில் எண் குதிக்கிறது. அடுத்த பெட்டியும் அப்படி. அதற்கு அடுத்ததும் அப்படி. பூஜைக்கு முன்னால் பாஸ் ஆன பெட்டிகள் எல்லாம் லீவில் கெட்டுப்போய்விட்டன. நான் தொட்டதால்தான் என்று மனசுக்குள் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அறுத்தவள் இரண்டு பேர் பொட்டு வைத்தால் வேறு என்ன ஆகும் என்ற சத்தம். தேவியும் ஒயரிங் மேசையிலிருந்து எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், அவள் முகத்திலும் அதேதான். "அத்தே, நாமதானா?" என்று காதில் கேட்டாள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? டெர்மினலைத் தளர்த்தும்போதெல்லாம் உள்ளே காய்ந்த சந்தனம் என் கண்ணில் படுகிறது. அது கலைந்துவிடக் கூடாது என்று ஒயரைப் பக்குவமாக அதன் மேலேயே வைத்து முடுக்குகிறேன். சந்தனத்தால் கெடுதல் வரும் என்று யாருக்காவது தோன்றுமா?

முதலாளி வந்து மழை ஈரமாக இருக்கும் என்றார். ஏழுமலை ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே எல்லாம் பார்த்தான், எல்லாம் சரியாக இருந்தது. ஒயரை மாற்றினான், அப்போதும் அதே. கடைசியாக மீட்டரின் ஒரு முனையை டெர்மினல் உலோகத்திலும், இன்னொரு முனையை அதில் மாட்டியிருந்த ஒயரிலும் வைத்தான். தொட்டுக்கொண்டிருக்கிற இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் காட்டக் கூடாது. காட்டியது. திருகுத் தலையை முழுதாகக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தான். மஞ்சள் தூள் கொட்டியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தான். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். அந்த நிமிஷம் நான் செத்துப் பிழைத்தேன் அப்பு.

"இன்னாய்யா அது?" என்று முதலாளி கேட்டார்.

"சந்தனம் சார். காஞ்சி போயி கரண்ட வுட மாட்டேங்குது. தட்ட எடுத்துக் குடுத்தது நானு. எங்க வைக்கணும்னு சொல்லிக் குடுக்காம பொரி திங்கப் பூட்டேன். என் தப்பு."

"எல்லாப் பொட்டியிலயுமா?"

"எல்லாத்துலயும்தான் சார். ஒண்ணத்தயும் வுடல. இவ்ளோ பாசமா எந்த கம்பெனியிலயும் பொட்டு வச்சிருக்க மாட்டாங்க" என்றான். முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு, டெம்போக்காரனுக்குப் போன் செய்து நாளைக்கு வரச் சொன்னார்.

நான் மெல்லக் கேட்டேன், "தம்பி, நாங்க வச்சதாலயா இப்படி ஆச்சி?" அவனுக்கு நான் கேட்டதன் உள் அர்த்தம் புரிந்துவிட்டது. சிரிப்பை நிறுத்திவிட்டான். "ம்மா, நான் வச்சிருந்தாலும் இதேதான் ஆயிருக்கும். ஐயரு வச்சிருந்தாலும் இதேதான். ஒயருக்கு நடுவுல எது வந்தாலும் வோல்ட்டு எறங்கும். வச்சது யாருன்னு அதுக்குத் தெரியாது" என்றான். தேவி அங்கேயே, எல்லார் முன்னாலும், உன் காரியத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். பிறகு மூன்று பேரும் ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு டெர்மினலாகத் தேய்த்துக் கழுவினோம். மாட்டினால் பன்னிரண்டு, இழுத்தால் பன்னிரண்டு. அஞ்சு அஞ்சாகவே நின்றது. முகப்பில் நெற்றிப் பொட்டை மட்டும் துடைக்க ஏழுமலை விடவில்லை. "அது இருக்கட்டும், அதால ஒண்ணும் கெட்டுப் போவாது" என்றான். அதைச் சொல்லும்போது அவன் பெட்டியைப் பார்க்கவில்லை, பொட்டில்லாத தேவியின் நெற்றியைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்து தேய்க்க ஆரம்பித்தான். நான் மீன் விற்றவள், ஆள் முகம் பார்த்து விலை சொன்னவள். எனக்குத் தெரியாதா?

மறுநாள் டீ வேளையில் நேராகவே கேட்டேன். "தம்பி, தேவியக் கட்டிக்கிறியா?" கையிலிருந்த மீட்டர் முனையை நழுவவிட்டான். "ம்மா, அப்பு என் சேக்காளி" என்றான். "தெரியும். அதனாலதான் உன்னக் கேக்குறேன். வேற எவனயாவது கட்டுனா அவ உன் சேக்காளி பேர வீட்டுல சொல்ல முடியுமா?" என்றேன். டீ ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. பிறகு, "தேவிக்கு சரின்னா எனக்கும் சரி. அது வேணாம்னா நீங்க இதக் கேட்டதே நான் மறந்துட்டேன்" என்றான். தேவி சம்மதிக்கத் தீபாவளி தாண்டியது. அவள் ஏழுமலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. "நீ தனியா இருப்பியே அத்தே" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். "அந்த அஞ்சு வோல்ட்டு இன்னா கூட்டு சேந்தா இருக்குது? அதும்பாட்டுக்கு ஒழுங்கா நிக்கல? அதே பொட்டியிலதான நிக்குது? ஏழுமல குடியிருக்குற ரெட்டியார்பாளையம் இன்னா டெல்லியிலயா இருக்குது, பஸ் ஏறுனா வந்துட்டேன்" என்றேன். சிரித்தாள். சிரித்தபடியே என் மடியில் தலையை வைத்து, "அவரு கோச்சுக்குவாரா அத்தே?" என்று உன்னைக் கேட்டாள். கோபித்துக்கொள்ள மாட்டான் என்று உனக்காக நான் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யாக்கிவிடாதே.

இனி மிச்சம் இருந்தது ஏழுமலையின் அம்மா. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் நெல் பயிரிடுகிற குடும்பம். நம் குப்பத்துக்கு வந்து, மணல் ஒட்டின காலை உதறி உதறி வீட்டுக்குள் வந்தார்கள். கடற்கரைப் பெண், அதுவும் ஏற்கெனவே கட்டிக் கொடுத்த பெண் என்று அந்தம்மாவுக்கு மனசில் எவ்வளவோ இருந்திருக்கும். அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தட்டு விஷயத்தில்தான் நின்றார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி, எங்க ஊருல சுமங்கலிதான் தட்ட எடுப்பாங்க" என்றார்கள். நான் தலையாட்டப் போனேன். தேவி காபி டம்ளரை வைத்துவிட்டு, "அவங்க எடுக்கக் கூடாதுன்னா நான் மட்டும் எப்படிங்க மணையில உக்காருவேன்? அவங்களுக்கு இன்னாவோ அதுதான எனக்கும்?" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அந்தம்மா எழுந்து போய்விட்டார்கள். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். தேவியை ஏசினேன். அவள் காபி டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

பொங்கலுக்கு முதல் நாள் ஏழுமலை கரும்பும் பச்சரிசியும் எடுத்துக்கொண்டு வந்தான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "அம்மா ஒரு சேதி சொல்லச் சொல்லுச்சி" என்றான். "ஆயுத பூஜக் கதைய அம்மாகிட்ட நான் சொல்லிட்டேன். ரெண்டு நாளு பேசல. இன்னிக்கிக் காலையில நெல்லு பொடைச்சிக்கினே சொல்லுச்சி. 'தட்ட அந்தம்மாவே எடுக்கட்டும். சந்தனத்த மட்டும் அளவா வைக்கச் சொல்லு'ன்னுச்சி" என்றான். சொல்லி முடிக்கும் முன்னே அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தேவி உள்ளே இருந்து கரும்பை எடுத்துக்கொண்டு அவனை அடிக்க ஓடி வந்தாள். இந்த வீட்டில் ஒருத்தரை ஒருத்தர் துரத்தி எத்தனை நாளாயிற்று அப்பு! நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். உன் படத்துக்கு நேராகத்தான் உட்கார்ந்தேன். நீயும் பார்த்திருப்பாய்.

அம்மா என்றால் மகனுக்கு ஏதாவது புத்தி சொல்லாமல் கடிதத்தை முடிக்கக் கூடாது. ஒன்று சொல்கிறேன் கேட்டுக்கொள். நீ இருந்தபோது ஏதாவது ஓடவில்லை என்றால் முதலில் மூடியைக் கழற்றுவாய், ரேடியோவோ மிக்சியோ, வீட்டில் ஒன்றை மூடியோடு நான் பார்த்ததில்லை. உள்ளே கெட்டுப்போய்விட்டது என்று அவ்வளவு சீக்கிரம் முடிவு செய்யாதே. பாதி நேரம் உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சேருகிற இடத்தில் எதுவோ காய்ந்துபோய் ஒட்டியிருக்கும். கொஞ்சம் ஸ்பிரிட், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான் தேவை. நான் கெட்டுப்போய்விட்டேன் என்றுதான் இந்த இரண்டு மழைக்காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பெண்டாட்டியும் அப்படித்தான். இல்லை அப்பு. லோடு போட்டுப் பார்த்தாயிற்று, நிற்கிறோம். உன் நாற்காலியை யாருக்கும் கொடுக்க மாட்டேன், கண் தெரிகிற வரைக்கும் நானே உட்காருவேன். தேவி மத்தியானச் சோற்றை என்னோடுதான் தின்பாள், அதை ஏழுமலையிடம் பேசி வாங்கிவிட்டேன். அவளைச் சந்தோஷமாக அனுப்பு. நான் போகிற காலம் வந்தால் அப்புறம் பேசிக்கொள்ளலாம், அதற்கு இன்னும் எனக்கு நேரம் இல்லை, தை முடிவதற்குள் அனுப்ப வேண்டிய பெட்டிகள் மேசை நிறைய இருக்கின்றன.

வியாழக்கிழமை காலை, ரெட்டியார்பாளையத்துப் பிள்ளையார் கோயில். தட்டை நான் எடுக்கத்தான் போகிறேன், எழுத எழுத எனக்கே தெளிந்துவிட்டது. சந்தனத்தைப் பொட்டளவுதான் வைப்பேன், உன்மேல் சத்தியம். பெண் வீட்டார் ஒரு பக்கம் நிற்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப் பக்கம் நிற்பார்கள். தேவிக்குப் பக்கத்தில் தட்டோடு நான் நிற்பேன். எதிரே உன் சேக்காளி, மாப்பிள்ளைத் தோழனாக நிற்க ஆளில்லாமல் தனியாக நிற்பான். வேறு யாரையும் நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டான், அந்த இடம் உனக்காகச் சும்மாவே இருக்கட்டுமாம். அப்பு, தட்டை நீட்டிவிட்டு நான் நிமிர்ந்து பார்க்கும்போது நீ எந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பாய், என் பக்கமா, அவன் பக்கமா?